கொழுந்து எடை போட்ட ஆண்டுகள் காப்பீட்டு மேசைக்கு உதவுமா?

கோத்தகிரிப் பக்கத்தில் வளர்ந்து வணிகவியல் பட்டம் பெற்ற ஒரு சகோதரியின் கேள்விக்கு இங்கே விடை எழுதுகிறேன். படிப்பு முடிந்ததும் அவர் ஊரிலேயே ஒரு பசுந்தேயிலை கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுக் கணக்கு எழுதியிருக்கிறார். பிறகு கேத்தி பாலாடாவில் கேரட் கழுவி லாரியில் ஏற்றும் இடத்தில் கணக்குப் பார்த்திருக்கிறார். சீசன் மாதங்களில் உதகையில் ஒரு காட்டேஜின் வரவேற்பிலும் நின்றிருக்கிறார். இப்போது கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில், நோயாளிகளின் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் காப்பீட்டு மேசையில் வேலை கிடைத்திருக்கிறது. உடன் படித்தவர்கள் நேராக இந்தத் துறைக்கு வந்து மேலே போய்விட்டார்கள் என்பதும், தொடர்பே இல்லாத வேலைகளில் தன் ஆண்டுகள் கரைந்துவிட்டனவோ என்பதும் அவருடைய கவலைகள். அடுத்து பயோடேட்டா எழுதும்போது அந்த வேலைகளைச் சேர்ப்பதா, விட்டுவிடுவதா என்றும் கேட்கிறார்.

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலையைத் தொடங்கி, பின்னர் நீண்ட காலம் பல நிறுவனங்களுக்கு ஆள் தேர்வு செய்யும் பணியில் இருந்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். அந்த ஆண்டுகள் உங்களுக்கு நிறையக் கொடுத்திருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை கொடுத்தது தானாகப் புதிய வேலைக்கு வந்து சேராது. கற்றது இன்னதென்று அடையாளம் கண்டு, அதைப் புதிய இடத்தில் எங்கே பொருத்துவது என்று நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான அறிவுரைகள் இந்த இரண்டாவது பகுதியைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன.

தானாக வராது என்று நான் சொல்வதற்கு நெடுநாளைய சான்றுகள் உண்டு. லத்தீன் மொழியும் வடிவ கணிதமும் படித்தால் மூளை பொதுவாகவே கூர்மையாகிவிடும் என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கல்வியாளர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1901-ல் எட்வர்ட் தார்ன்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றில் பெற்ற பயிற்சி, இரண்டுக்கும் பொதுவான கூறுகள் உள்ள அளவுக்கே மற்றொன்றில் பயன்படுகிறது என்று அவர்கள் கண்டார்கள். 1980-ல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இருவர் செய்த ஆய்வு இதைவிட நமக்கு நெருக்கமானது. நோயாளியின் வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது; அதை அறுக்க முடியாது; கட்டியை அழிக்கும் அளவுக்கு வலிமையான கதிரைச் செலுத்தினால் வழியிலுள்ள நல்ல தசையும் அழியும்; என்ன செய்யலாம் என்பதுதான் புதிர். பல திசைகளிலிருந்து வலிமை குறைந்த கதிர்களைச் செலுத்தி, கட்டி இருக்கும் இடத்தில் ஒன்றுசேர வைப்பதே விடை. யாரும் உதவாதபோது பத்தில் ஒருவர் அளவுக்கே இதைக் கண்டுபிடித்தார்கள். கண்ணிவெடி புதைத்த பாதைகளால் சூழப்பட்ட ஒரு கோட்டையை, படையைச் சிறு சிறு பிரிவுகளாக்கிப் பல பாதைகளில் ஒரே நேரத்தில் அனுப்பிப் பிடித்த தளபதியின் கதையை முன்கூட்டியே படித்தவர்களிலும் பத்தில் மூன்று பேர் அளவுக்கே விடை கண்டார்கள். அந்தக் கதை உங்களுக்கு உதவக்கூடும் என்று ஒரு சொல் சொன்ன பிறகுதான் முக்கால்வாசிப் பேர் கண்டுபிடித்தார்கள். அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதைத் தொடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆகவே, உங்கள் பழைய வேலைகளையும் புதிய வேலையையும் அருகருகே வைத்துத் தொடுத்துப் பார்க்கும் வேலையை இங்கேயே தொடங்கிவிடுகிறேன்.

கொள்முதல் நிலைய வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தராசும் நோட்டுப் புத்தகமும் மட்டுமே தெரியும். மழை நாளில் பறித்த கொழுந்தில் இலையின்மேல் ஒட்டிய தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும். எவ்வளவு கழிப்பது என்று நீங்கள் கையால் அள்ளிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மூட்டையின் மேலே இரண்டு இலையும் மொட்டுமாக நல்ல கொழுந்து இருக்கும். அடியில் முற்றிய இலையும் தண்டும் இருக்கலாம். அழுத்தி நிரப்பிய மூட்டைக்குள் சூடேறி இலை சிவந்திருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். கழித்தால் எதிரே நிற்பவர் உங்கள் சித்தப்பா முறைக்காரராக இருப்பார். கழிக்காவிட்டால் தொழிற்சாலையிலிருந்து கேள்வி வரும். பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலை குறைந்துவிட்டால், விலையை முடிவு செய்ததில் உங்களுக்கு எந்தப் பங்கும் இல்லாவிட்டாலும், கோபம் முதலில் வந்து விழுவது எடை போடுபவர்மீதுதான்.

மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் நடப்பதை இதனருகே வைத்துப் பாருங்கள். பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு இருக்கும். அதற்கு மேற்பட்ட அறையை எடுத்தால், பல பாலிசிகளில் வாடகை வித்தியாசம் மட்டுமல்லாமல் அறையைச் சார்ந்த மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் கழிக்கப்படும். அந்த விதியை எழுதியவர் நீங்கள் அல்ல. ஆனால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, கடன் வாங்கி வந்த குடும்பத்தாரிடம் அந்தக் கழிவை விளக்க வேண்டியவர் நீங்கள்தான். வேறொருவர் வகுத்த அளவுகோலின்படி ஒருவருக்கு வர வேண்டிய பணம் குறைகிறது என்பதை, அவர் முகத்தைப் பார்த்து, அவர் நம்பும்படி சொல்வதுதான் இரண்டு இடத்திலும் உள்ள வேலை. வணிகவியல் வகுப்பிலோ காப்பீட்டுப் பாடநூலிலோ இதற்குப் பயிற்சி தர மாட்டார்கள்.

நல்ல கொள்முதல் எழுத்தர்கள் இதற்கென்று சில முறைகளைப் பழகி வைத்திருப்பார்கள். நீங்களும் வைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். கழிவை எடை போட்ட பிறகு சொல்லாமல், மூட்டை தராசில் ஏறும் முன்பே சொல்லிவிடுவார்கள். மூட்டையின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி இலையை எடுத்து விவசாயியின் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். உறவினருக்கு ஒரு கழிவும் மற்றவருக்கு ஒரு கழிவும் போடுவதில்லை என்ற பெயரை மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த மூன்றையும் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு வரலாம். அறை வாடகை வரம்பைப் பற்றி டிஸ்சார்ஜ் நாளில் பேசாமல், அறை ஒதுக்கும் நேரத்திலேயே பேசிவிடுங்கள். பாலிசியின் குறிப்பிட்ட வரியை அவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். யார் வந்தாலும் ஒரே விளக்கம் கொடுங்கள். நேராக இத்துறைக்கு வந்தவர்களில் பலர், கோபமாக நிற்கும் சில குடும்பங்களைச் சந்தித்த பிறகே இதைக் கற்கிறார்கள். உங்களுக்கு இது ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

கேரட் வேலை உங்களுக்குக் கற்றுக் கொடுத்தது வேறு. கேத்திப் பள்ளத்தாக்கில் இரவோடு இரவாக அறுவடை செய்து, இயந்திரத்தில் கழுவி, தரம் பிரித்து, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியை இறக்க வேண்டும். லாரி பிந்தினால் அன்றைய நல்ல விலை போய்விடும். அறுக்கும் ஆட்கள், கழுவும் இயந்திரம், சாக்கு, டிரைவர், மலைப்பாதையில் மூடுபனி என்று ஒன்றையொன்று சார்ந்த பல காரியங்களில் எது தாமதமானால் மற்றவை எல்லாம் நிற்கும் என்பதை அங்கே நிற்பவர் முன்கூட்டியே கணிக்கிறார். லாரி புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஆட்கள் எப்போது வயலில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்வதை அங்கே யாரும் ஒரு திறமையாகப் பேசுவதில்லை. அது அன்றாட வழக்கம்.

மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் என்பதும் இப்படிப்பட்ட ஒரு தொடர்தான். மருத்துவரின் டிஸ்சார்ஜ் குறிப்பு, ஆய்வக அறிக்கைகள், மருந்தகக் கணக்கு, இறுதி பில், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் என்று எல்லாம் வந்து சேர்ந்தால்தான் நோயாளி வீட்டுக்குப் போக முடியும். மருத்துவமனை கோரிக்கை அனுப்பியதிலிருந்து மூன்று மணி நேரத்திற்குள் இறுதி ஒப்புதலைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அதனால் மருத்துவமனைத் தரப்பில் ஆகும் தாமதம் முன்னைவிடத் தெளிவாக வெளியே தெரியும். கோப்பில் ஒரு அறிக்கை குறைந்தாலும் கேள்வி கேட்டுத் திரும்பி வரும். நோயாளி படுக்கையிலேயே காத்திருப்பார். நாளைக் காலை யாருக்கு டிஸ்சார்ஜ் என்று முந்தைய மாலையே வார்டில் கேட்டு, எந்த அறிக்கை இன்னும் வரவில்லை என்று பார்த்து வைப்பவர் அந்த மேசையில் கிடைப்பது அரிது. லாரி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பழகியவருக்கு இது இயல்பாக வரும். ஆனால் இரண்டும் ஒரே வேலைதான் என்று ஒருமுறை மனத்தில் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

காட்டேஜ் வரவேற்பைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அது சொல்லிக் கொடுப்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆனபோது, அறை பதிவு செய்துவிட்டுக் குழம்பி நின்ற குடும்பங்களுக்குத் தொலைபேசியில் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் வரவேற்பில் இருந்தவர்கள்தான். நேற்று வரை இல்லாத ஒரு விதியைப் படித்துப் புரிந்துகொண்டு, அடுத்த நாளே பதற்றத்தில் இருப்பவருக்கு எளிய சொற்களில் சொல்லும் பழக்கம், சுற்றறிக்கைகள் அடிக்கடி மாறும் காப்பீட்டுத் துறையில் நாள்தோறும் தேவைப்படும்.

எல்லா வேலையும் எல்லா ஆண்டும் கற்றுத் தரும் என்று நான் சொல்லவில்லை. எந்த வேலை கற்றுத் தருகிறது என்பதை எனக்குப் புரிய வைத்தது தேயிலைத் தொழிற்சாலையின் இலை வாட்டும் பகுதி. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். அந்த நீரில் ஒரு பகுதியை இரவு முழுவதும் காற்றோட்டத்தால் வெளியேற்றிய பிறகே இலையை அரைக்கிறார்கள். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் மழைக்கால இரவில் எவ்வளவு நேரம் விடுவது, வெப்பக் காற்று சேர்ப்பதா வேண்டாமா என்று ஷிப்டில் இருப்பவர் இலையைக் கையில் பிடித்து இறுக்கிப் பார்த்து முடிவு செய்வார். மறுநாள் அந்தத் தொகுதித் தூளைச் சுவைத்துப் பார்க்கும்போது அவருடைய முடிவு சரியா தவறா என்பது கோப்பையில் தெரிந்துவிடும். தானே முடிவெடுக்க வேண்டிய நிலை, முடிவு பிசகினால் உண்மையான நட்டம், விளைவு விரைவில் தெரிந்துவிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் மனிதர் வேகமாகக் கற்கிறார். பெட்டியில் பாக்கெட்டுகளை அடுக்கும் வேலையில் இவற்றில் ஒன்றும் இல்லை. அங்கே முதல் சில வாரங்களுக்குப் பிறகு புதிதாகக் கற்க எதுவும் இருக்காது. அதைச் செய்பவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு முடிவெடுக்கும் வாய்ப்பை அந்த வேலை தரவில்லை என்கிறேன். உங்கள் மூன்று வேலைகளிலும் அந்த வாய்ப்பு இருந்திருக்கிறது.

ஆள் தேர்வில் விளைவு தெரிய ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் நேர்காணலில் நாம் என்ன நினைத்தோம் என்பதே மறந்துவிடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதிக்கும் வாட்டிய நேரம், வானிலை, சுவைக் குறிப்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிய பழக்கத்தால், தேர்வு செய்த ஒவ்வொருவரைப் பற்றியும் அன்று என் கணிப்பு என்ன என்று எழுதி வைத்து, பின்னர் அவர் வேலை செய்யும் விதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆள் தேர்வுத் துறைப் பயிற்சிகளில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் பணியில் எனக்கு மிகவும் உதவிய பழக்கம் அதுவே.

பழனி மலையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு தர வேண்டும். 1909-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். அந்த நிகழ்வு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1907-ல் கொடைக்கானலுக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் இங்கிலாந்தில் தொழில்துறை வேதியியலாளராக வேலை பார்த்தவர் அவர். வானியல் அவருடைய சம்பள வேலையாக இருக்கவில்லை. வேலை நேரம் போக வீட்டிலேயே ஆய்வகம் அமைத்துச் சூரியனை நோக்கினார். சூடாக்கிய வாயுக்கள் உமிழும் ஒளியையும் ஆராய்ந்தார். வேதியியல் வேலைதான் கண்டுபிடிப்பைத் தந்தது என்று சொன்னால் அது மிகை. பிழைப்புக்கான வேலைக்கும் தான் விரும்பிய துறைக்கும் நடுவில் அவரே உழைத்து ஒரு பாதையை அமைத்துக்கொண்டார் என்பதுதான் நமக்கு உரியது.

பழைய வேலையிலிருந்து கெட்ட பழக்கங்களும் கூடவே வரும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் பல காரியங்கள் வாய்ச்சொல்லில் நடக்கும்; இந்த மாதக் கணக்கை அடுத்த மாதம் நேர் செய்துகொள்ளலாம் என்பது அங்கே நல்லெண்ணம். காப்பீட்டுக் கோப்பில் ஒரு தேதியை வசதிக்காக மாற்றி எழுதுவது மோசடி. காட்டேஜில் விருந்தினரின் மனம் கோணாதிருக்க, எல்லாம் ஏற்பாடு செய்துவிடுகிறோம் என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள். காப்பீட்டு மேசையில் ஒப்புதல் வந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பது நோயாளியின் குடும்பத்தைப் பெரிய சிக்கலில் தள்ளும். அனுப்பிவிட்டோம், பதில் வந்ததும் சொல்கிறோம் என்பதோடு நிறுத்த வேண்டும். முதல் சில மாதங்கள் இந்த இரண்டு பழக்கங்களையும் விழிப்போடு கவனியுங்கள்.

உடன் படித்தவர்கள் உங்களைவிட முன்னால் இருப்பது ஒரு வகையில் உண்மைதான். நோய்களுக்கான குறியீட்டு எண்கள், பாலிசி விதிகளின் நுணுக்கம், காத்திருப்புக் காலம், விலக்குகள் ஆகியவை அவர்களுக்கு மனப்பாடம். உங்களுக்கு இன்னும் இல்லை. எடை போட்ட அனுபவம் இதை ஈடு செய்யாது. படித்துத்தான் தீர வேண்டும். 1955-ல் தொடங்கப்பட்ட இந்தியக் காப்பீட்டுக் கல்வி நிறுவனம் (Insurance Institute of India) மும்பையிலிருந்து நடத்தும் லைசென்சியேட் என்ற தொடக்க நிலைத் தேர்வு, வேலை பார்த்துக்கொண்டே எழுதக்கூடியது. அங்கிருந்து தொடங்குங்கள். இப்படிப் படித்துக் கற்கக்கூடியதை நீங்கள் எட்டிப் பிடித்துவிடலாம். உங்களிடம் இருப்பதை அவர்கள் படித்துப் பெற முடியாது.

இனி பயோடேட்டா. அந்த வேலைகளைக் கண்டிப்பாகச் சேருங்கள். விட்டுவிட்டால், அந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வரும். அப்போது சொல்வது சமாதானம் போல ஒலிக்கும். பதவிப் பெயரைப் பெரிதாக்க வேண்டாம். கொள்முதல் எழுத்தர் என்றால் அப்படியே எழுதுங்கள். கொள்முதல் மேலாளர் என்று எழுதினால், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பொறுமை, கடின உழைப்பு போன்ற சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். எல்லா பயோடேட்டாவிலும் இருப்பதால் தேர்வாளர் அவற்றைப் படிப்பதே இல்லை. பெயருக்குக் கீழே நீங்கள் எடுத்த முடிவை எழுதுங்கள்: நாள்தோறும் இத்தனை விவசாயிகளின் கொழுந்தைத் தரம் பார்த்து எடைக் கழிவைத் தீர்மானித்தேன், மறுப்பு வந்தால் நேரில் காட்டி விளக்கினேன், மாதக் கணக்கைத் தொழிற்சாலைக் கணக்கோடு ஒப்பிட்டு முடித்தேன். எண்கள் உங்கள் நினைவில் உறுதியாக உள்ளவையாக இருக்கட்டும். நேர்காணலில் அதற்கடுத்த வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்: அறை வாடகைக் கழிவை விளக்குவதும் இதே வேலை என்று இப்போது தெரிகிறது என்று. தேர்வாளரே அந்தத் தொடர்பைக் கண்டுகொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். தளபதி கதையைப் படித்தவர்களிலேயே பெரும்பாலோருக்குக் குறிப்புத் தேவைப்பட்டது.

கடைசியாக, சான்றுகள். கொள்முதல் நிலையங்களிலும் கேரட் கழுவும் இடங்களிலும் பணி நியமனக் கடிதம் கொடுக்கும் வழக்கம் குறைவு. தொழிற்சாலை உங்களுக்காக வருங்கால வைப்பு நிதி செலுத்தியிருந்தால், அந்த நிதிக்காக உங்களுக்குத் தரப்பட்ட யுஏஎன் (UAN) எண்ணைக் கொண்டு பாஸ்புக்கை எடுத்தாலே அந்தக் காலத்துக்குச் சான்று கிடைத்துவிடும். இல்லையென்றால், சம்பளம் வங்கியில் வரவான பக்கங்களை எடுத்து வையுங்கள். முன்னாள் முதலாளியிடம், வேலை செய்த காலத்தையும் பொறுப்பையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஊரைவிட்டு வந்து சில ஆண்டுகள் ஆனபின் கேட்டால், அங்கே உங்களைத் தெரிந்தவர் இருப்பாரா என்று சொல்ல முடியாது. காட்டேஜ் வேலைக்கு எந்தத் தாளும் கிடைக்காவிட்டால், சீசன் காலப் பணி என்று வெளிப்படையாக எழுதி, பேசிக் கேட்கக்கூடிய ஒருவரின் எண்ணை அவர் அனுமதியோடு சேர்த்தால் போதும்.